ஒரு மாசக் கெடு

“உங்களை மேற்பார்வை பார்க்கத்தான் வெச்சிருக்கோம். நீங்க என்னடான்னா நாள் பூரா விரிப்பு மடிச்சுக்கிட்டு இருக்கீங்க.”

புது மேனேஜர் இப்படிக் கேட்டபோது, சலவைக்கூடத்தின் சூப்பர்வைசர் கையிலிருந்த ஆஸ்பத்திரி விரிப்பை மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். அங்கே எல்லோருக்கும் அவர் பெரியக்கா.

மேனேஜருக்கு ஆரம்பத்திலிருந்தே பெரியக்காவைக் கண்டால் ஆகாது. ஒருத்தரையும் அதட்டுவதில்லை. பதினெட்டுப் பேரோடும் சேர்ந்து நின்று துணி மடிப்பது, யார் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விசாரிப்பது. இதற்கு எதற்கு ஒரு சூப்பர்வைசர்?

“உங்களை நிறுத்திடலாம்னு முடிவு பண்ணியிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க. முதலாளி எனக்கு ஒரு மாசம்தான் கெடு குடுத்திருக்கார். வேலை ஒழுங்கா நடக்கலைன்னா நானும் வீட்டுக்குத்தான்.”

பெரியக்கா சண்டை போடவில்லை. சரிங்க சார் என்றார். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாளே மேனேஜர் கழுத்தில் விசில் ஏறியது. மூலைக்கு மூலை கேமரா. ஐந்து நிமிஷம் தாமதமானாலும் உள்ளே விடாதே என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு. பேசினால் விசில், சிரித்தால் அதைவிடப் பெரிய விசில்.

வேலை மளமளவென்று நடந்தது. ஒரு ஆள் லேட் இல்லை, ஒரு துணியில் கறை இல்லை. நடுவில் ஒருநாள் வாஷிங் மிஷின் மக்கர் பண்ணியது. ஆஸ்பத்திரி வண்டி வருவதற்குள் நாலு பெண்கள் தொட்டியில் இறங்கிக் கையாலேயே அலசித் தள்ளிவிட்டார்கள். மேனேஜர் கேட்கக்கூட இல்லை.

மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்களை வைக்கிற இடத்தில் வைத்தால் எல்லாம் நடக்கும் என்று வீட்டில் பெருமையடித்தார். உங்கள் பேச்சைக் கேட்கவும் ஆள் இருக்கிறதா என்று மனைவி கேட்டதுகூட அவர் காதில் விழவில்லை.

மாசக் கடைசியில் முதலாளி கூப்பிட்டுக் கை குலுக்கி வேலையை நிரந்தரமாக்கினார். அந்தச் சந்தோஷத்தோடு மேனேஜர் தன் அறைக்குத் திரும்பினால், மேஜைமேல் ஒரு கட்டுக் காகிதம். முதலாவதைப் படித்தார். ராஜினாமா. அடுத்ததும் ராஜினாமா. தூக்கிவாரிப் போட்டது. மீதியையும் புரட்டினார். பதினெட்டும் அதேதான்.

காகிதங்களைக் கொண்டுவந்து வைத்த இஸ்திரிக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார்.

“என்ன பெரியவரே இது? நான் விசிலடிச்சது பிடிக்கலைன்னா முதல்லயே சொல்லியிருக்கலாமே. ஒரு மாசம் இவ்வளவு நல்லா வேலை பார்த்துட்டு...”

“விசிலை யாரு சார் காதுல வாங்கினா? பெரியக்கா போன அன்னிக்கே நாங்களும் கூடவே கிளம்பிட்டோம். அவங்கதான் வாசல்ல நிறுத்தி வெச்சுக் கெஞ்சினாங்க.”

மேனேஜர் காகிதக் கட்டைக் கீழே வைத்தார். “என்னன்னு?”

“போறதுன்னா ஒரு மாசம் கழிச்சுப் போங்க, அதுவரைக்கும் வேலையில ஒரு குறை வரக் கூடாது, அவரும் பிள்ளைகுட்டிக்காரர், நம்மளால அவர் வேலை போயிடக் கூடாதுன்னு.”