வரப்புப் புல்

வெயில் இன்னும் ஏறவில்லை. கத்தரிச் செடிகளுக்கு நடுவே கணவனும் மனைவியும் குனிந்து நிற்கிறார்கள். முந்தாநாள் அவன் புழுவுக்கு மருந்தடித்தான். இருவருக்குமே எழுத்து தெரியாது. கடையில் பச்சை இலைப் படம் போட்ட டப்பாவைக் கைகாட்டி வாங்கிவந்தான். இன்று செடியெல்லாம் வெந்ததுபோலத் துவண்டு கிடக்கிறது. “புழு முத்திப்போச்சு போல,” என்கிறான், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் வரப்பையே பார்க்கிறாள். மருந்து தெறித்த இடத்தில் புல்லும் திட்டுத்திட்டாகக் கருகியிருக்கிறது. “ஏங்க, புல்லுல ஏது புழு? இது களைக்கு அடிக்கிற மருந்துங்க.” அவன் காலி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். அதில் மட்டும் இலை பச்சைப்பசேலென்று இருக்கிறது. “மிச்சத்த என்ன பண்ணீங்க?” “நேத்து உன் தம்பி அவன் செடிப் புழுவுக்குன்னு கேட்டான்... ஊத்திக் குடுத்தேன்.” வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், தம்பியின் தோட்டத்தில், மருந்தடிக்கும் மெஷினின் கைப்பிடி கிறீச் கிறீச்சென்று ஏறி இறங்கத் தொடங்குகிறது.