ஈரத் துணி

பெயரைப் படித்ததும் அவள் முதலில் கதவைத்தான் பார்த்தாள்.

யாரும் இல்லை.

மறுபடி திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு முறை செத்து விழும்போதும், கடைசியாக எதில் சிக்கிக்கொண்டது என்று கம்ப்யூட்டர் தனக்குள் எழுதிவைத்துக்கொண்டிருந்தது. எல்லாக் குறிப்பிலும் ஒரே பெயர்.

ஹார்ட் டிஸ்க்கோடு கம்ப்யூட்டரைப் பேசவைக்கிற, டிரைவர் என்கிற சின்ன மென்பொருள்.

ஸ்கேன் படத்தைச் சேமிக்கப் போகும்போதெல்லாம் திரை நீலமாகிப் போனது அதனால்தான்.

அந்த டிரைவர் உள்ளே வந்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.

ஏற்றியது அவள்.

அன்றைக்கு ஸ்கேன் சென்டரில் ஆளுக்கொரு பொருளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டாள். இணையத்தில் சும்மா கிடைத்த ஏதோ ஒரு மென்பொருள், இதெல்லாம் பழசாகிவிட்டது என்று வரிசையாகக் காட்டியது. எதையும் படிக்கவில்லை. பூஜைக்குள் எல்லாம் புதுசாய் இருக்கட்டும் என்று ஒரே தட்டு.

மறுநாள் மேனேஜர் தணிகாசலம் கம்ப்யூட்டர் பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மாவிலையால் தண்ணீர் தெளித்தார்.

பூஜை முடிந்து சென்டர் திறந்த காலையிலேயே நீலம்.

வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்த பெண்கள் அடக்கிப் பார்த்தார்கள். முடியாமல் போய்விட்டு வந்து, மறுபடி முதலிலிருந்து குடித்தார்கள். ஒரு கர்ப்பிணிக்குத் திரையில் குழந்தை தெரிந்துகொண்டிருக்கும்போதே படம் போய்விட்டது. "எங்க போச்சு? புள்ளைக்கு ஏதாச்சுமா?" என்று படுத்தபடியே அலறினாள் அந்தப் பெண்.

"என்னம்மா இது? பி.இ. படிச்சவதானே நீ?"

தணிகாசலம் அத்தனை பேர் முன்னால் கேட்டார்.

அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். 'தெரியல சார்' என்று சொல்ல வாய் வரவில்லை.

மாவிலைத் தண்ணீர் ஞாபகம் வந்தது. அதை அவரிடம் சொல்ல முடியுமா?

கூட்டித் துடைக்கும் செல்லக்கிளி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். கையில் துணி. அவள் பார்வை அந்தத் துணியில் விழுந்தது.

"ஈரத் துணியால தொடச்சிருக்காங்க சார். தண்ணி உள்ள போயிருக்கு."

"இல்ல பாப்பா, நான் காஞ்ச துணியிலதான..."

"படிச்சுப் படிச்சுச் சொன்னா மண்டையில ஏறுதா உங்களுக்கெல்லாம்?"

உங்களுக்கெல்லாம்.

அது அவள் சொல் இல்லை. அம்மா பத்துப்பாத்திரம் தேய்த்த வீடுகளின் கொல்லைப்புறத்தில் நின்று கேட்டது. அத்தனை வருஷம் காதில் கிடந்துவிட்டு, அன்றைக்கு அப்படியே, அந்த இழுவையோடு வாயில் வந்தது.

அதிலிருந்து செல்லக்கிளிக்கு ஸ்கேன் அறை இல்லை. கக்கூஸும் மாடிப்படியும்தான். மாசம் முடிந்ததும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியாகிவிட்டது. இந்தப் பக்கம் வர நேர்ந்தால் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுகொள்கிறாள். பாப்பா என்று கூப்பிடுவதில்லை.

மேடம்.

அதற்கப்புறமும் நீலம் வந்துகொண்டுதான் இருந்தது. உள்ளே போன ஈரம் இன்னும் காயவில்லை என்று அவள் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள். சொல்லிச் சொல்லி, அவளும்.

இப்போது இந்தப் பெயர்.

டிரைவரைக் கழற்றினாள். பழையதைப் போட்டாள். பழைய படங்களைக் கத்தையாக எடுத்துச் சேமித்துப் பார்த்தாள்.

விழவில்லை.

இன்னும் பெரிய கத்தை.

விழவில்லை.

தணிகாசலம் எட்டிப் பார்த்தார்.

"அட, ஓடுதே! பாத்தியா, அந்தப் பொம்பளைய உள்ள விடாம நிறுத்துனதுலதான் ஈரம் காஞ்சிருக்கு."

அவ்வளவுதான். பேசாமல் இருந்தால் போதும். செல்லக்கிளிக்கு எதிராக மெஷினே சாட்சி சொல்லிவிட்டது.

"தண்ணியில்ல சார். டிரைவர். அவங்க மேல தப்பில்ல."

அந்த டிரைவரை யார் போட்டது என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

"மாசக் கடைசி வந்ததும் மனசு எளகுதாக்கும்?" அவர் சிரித்தார். "எரக்கப்பட்டு அவளுக்காகக் கதை கட்டாதம்மா. உன் வேலையப் பாரு."

போய்விட்டார்.

மதியச் சாப்பாட்டு நேரம். பெஞ்சில் ஆளில்லை.

பழைய டிரைவரைக் கழற்றினாள். கெட்டதைத் தேடிப் பிடித்துத் திரும்ப ஏற்றினாள்.

"சார், ஒரு நிமிஷம் வாங்க."

பிறகு மாடிப்படிப் பக்கம் போய் நின்றாள்.

"அக்கா, நீங்களும் வாங்க."

செல்லக்கிளி நிலைப்படி வரை வந்தாள். கையிலிருந்த துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"உள்ள வாங்கக்கா. எதையும் தொட வேணாம். பாத்தா போதும்."

"வேணாம் மேடம்."

"வாங்கக்கா."

வந்தாள். சுவரை ஒட்டி நின்றாள்.

காய்ந்த தரை. காய்ந்த மேசை. பெட்டியின் நெற்றியில் உதிர்ந்தது போக மிச்சக் குங்குமம்.

அவள் படங்களைத் தேர்ந்தெடுத்தாள். 'சேமி' என்று தட்டினாள்.

பச்சைக் கோடு நகர்ந்தது. பாதி தாண்டியது.

விழுந்து தொலை என்று வேண்டிக்கொண்டாள். இன்றைக்கு மட்டும் ஓடிவிடாதே.

திரை நீலமானது.



தணிகாசலம் மெல்லத் திரும்பி, செல்லக்கிளியின் கையைப் பார்த்தார்.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். தன் கையைத் தூக்கினாள். "அந்த டிரைவரை ஏத்துனது இந்தக் கை சார்."