உப்புப் போடாத படி

அப்பாவின் கால் முறிந்ததற்குக் காரணம் நான்தான். அம்மாவுக்கு இது தெரியாது. பிளாஸ்டர் போட்ட காலை உயர்த்தி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த அப்பாவுக்கும் தெரியாது.

சனிக்கிழமை காலை, ஓவர்டைம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அப்பா வெளிக்கிட்டார். வாசல் படியெல்லாம் ஐஸாகக் கிடக்கிறது, அப்பா திரும்பி வருமுன் அது கரைய உப்புத் தூவிவிடு என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் அம்மாவும் வேலைக்குப் போனார்.

நான் தூவவில்லை. என்னோடு படிக்கும் திரேசா கழுத்தில் வோக்மனோடு கீழே வந்து நின்று கூப்பிட்டாள். உப்பு வாளியை அப்படியே வைத்துவிட்டு, அவளோடு ஐஸ் ஸ்கேட்டிங் திடலுக்கு ஓடிவிட்டேன்.

அங்கே போகவே கூடாது என்பது அப்பாவின் கட்டளை. நாங்கள் இருக்கும் சுவிஸ் ஊரான லாங்கன்தாலில் நடக்கும் நீச்சல், ஜிம்னாஸ்டிக், படம் கீறும் வகுப்பு எல்லாவற்றுக்கும் அனுப்புவார். ஐஸுக்கு மட்டும் விடமாட்டார். அதெல்லாம் வெள்ளைக்காரருக்குத்தான் சரி, எங்கட ஆக்கள் ஏறினால் எலும்புதான் முறியும் என்பார்.

மத்தியானம் நான் வீட்டுக்குள் நுழையும்போது போன் அடித்துக்கொண்டிருந்தது. அம்மாதான். அப்பா படியில் சறுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம், உடனே வெளிக்கிட்டு நிற்கட்டாம், வந்து கூட்டிப்போவாராம்.

நாங்கள் போனதும் நர்ஸ் ஒரு பையை நீட்டினாள். அதற்குள் அப்பாவின் சப்பாத்துகள், ஒரு சொட்டு ஈரமில்லாமல் இருந்தன. அவரைக் கொண்டுவரும்போது காலில் மேஸ், வெறும் காலுறை, மட்டும்தான் இருந்ததாம்.

அம்மாவுக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. எங்கள் வீட்டில் எல்லோரும் படியடியிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் மேலே ஏறுவோம்.

“வெளியில கழட்டாதேங்கோ, இது யாழ்ப்பாணமில்லை எண்டு எத்தினை தரம் சொன்னனான்? ஐஸுக்கு மேல மேஸோட ஏறினா வழுக்காமல் என்ன செய்யும்?”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நோகிறதாக்கும் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்கு வரும் வழியெல்லாம் அம்மா சொன்னதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இனிக் கன நாளுக்கு அப்பா வேலைக்குப் போக முடியாது, முதலாளி வேறு ஆளை எடுத்துவிட்டால் எங்கள் பாடு என்ன? எல்லாம் நான் தூவாத ஒரு பிடி உப்பால். தெரிந்தால் அப்பா இந்த ஜென்மத்தில் என்னோடு கதைக்கமாட்டார்.

டொக்டரைப் பார்க்க அம்மா வெளியே போனார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

“அப்பா, நான் படிக்கு உப்புப் போடேல்லை. திரேசாவோட ஐஸுக்குப் போயிட்டன். என்னாலதான் நீங்கள் விழுந்தனீங்கள்.”

அப்பா என்னையே பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். ஏசப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“அம்மா போயிட்டாவோ?”

“ஓம்.”

“கதவைச் சாத்து.”

சாத்திவிட்டு வந்தேன்.

“நீலத் தொப்பி போட்ட பெட்டைதானே திரேசா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா திரேசாவைக் கண்டதே இல்லை. ஓம் என்று தலையாட்டினேன். அப்பா குரலை இன்னும் தாழ்த்தினார்.

“நீங்கள் ரெண்டு பேரும் திடலுக்கு வாறதைக் கண்டு, ஸ்கேட்ஸோட ஐஸில இருந்து ஓடி ஒளிக்கப் போய்த்தான் பிள்ளை நான் விழுந்தனான்.”