சூப்பர் மேடம்

கூட்ட அறைத் திரையில் ரோஜாப்பூ படம் தெரிந்ததுமே எல்லோரும் சிரிக்கத் தயாராகிவிட்டார்கள்.

அந்தப் படத்துக்குச் சொந்தக்காரருக்கு அலுவலகம் வைத்த பெயர் சூப்பர் மேடம். நகராட்சியின் முகநூல் பக்கத்தில் எதைப் போட்டாலும் முதல் ஆளாக வந்து 'சூப்பர்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். சாக்கடை அடைப்புக்கும் சூப்பர். இரண்டு நாள் தண்ணீர் வராது என்றாலும் சூப்பர்.

கடைசி வரிசையில் இருந்த அவள் மட்டும் குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். திட்டப் பிரிவில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அது தன் அம்மாதான் என்று இதுவரை யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

மகள் வேலை பார்க்கிற இடம். அதனால் அங்கே நடப்பதெல்லாம் அம்மாவுக்கு சூப்பர். மானம் போகுது என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை.

எந்தப் புதிய விதியானாலும் வரைவை முதலில் அந்தப் பக்கத்தில் போட வேண்டும், வந்த கருத்துகளைக் கூட்டத்தில் வாசித்த பிறகுதான் முடிவு. புது ஆணையர் கொண்டுவந்த வழக்கம் இது.

இன்றைய வரைவு பேருந்து நிறுத்தங்களைப் பற்றியது. பெஞ்சுகளில் ஆட்கள் படுத்துத் தூங்குகிறார்கள், அதனால் அவற்றை எடுத்துவிட்டுச் சாய்ந்து நிற்கக் கம்பி வைக்கலாம். இதுவரை வந்த கருத்துகளில் பாதி ஆதரவு, மீதி வழக்கமான திட்டு. விதி நிறைவேறிவிடும் போலத்தான் இருந்தது.

ஆணையர் ரோஜாப்பூவின் கருத்தைத் தானே வாசித்தார். இந்த முறை அது ஒரு வார்த்தையில் முடியவில்லை.

'இது சூப்பர் இல்ல. நாள் பூரா தையல் மிஷின் மிதிச்ச காலு, கம்பியில சாஞ்சா ஆறாது. அப்பல்லாம் வேலை முடிஞ்சு, பள்ளிக்கூடம் விட்ட என் மகளையும் கூட்டிக்கிட்டு அந்த பெஞ்சுலதான் உக்காருவேன். இடம் இருக்கிற பஸ் வர்றதுக்குள்ள அவ வீட்டுப்பாடம் பூரா எழுதி முடிச்சிடுவா. வீட்ல எங்க மேசை இருந்துச்சு? இந்த விதிய எழுதுனவங்க பஸ் ஏறியே ரொம்ப நாளாச்சு போல. ஒரு நாள் எங்களோட வந்து நின்னு பாக்கட்டும்.'

யாரும் சிரிக்கவில்லை.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். ஒரு வார்த்தைக்கு மேல் எழுதத் தெரியாது என்று தான் நினைத்திருந்த அம்மா, ஒரு நகராட்சியையே வாயடைக்க வைத்துவிட்டாள். பெருமை தாங்கவில்லை. அந்த இடத்திலேயே கைதட்ட வேண்டும் போலிருந்தது.

ஆணையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வரைவில் அந்தப் பத்தியைக் குறுக்கே அடித்தார். பெஞ்சுகள் இருக்கும், இல்லாத நிறுத்தங்களுக்கும் போடுங்கள் என்றார்.

"சரி, இந்த விதியை எழுதினது யாரு?"

எல்லோரும் அவரவர் மேசையைப் பார்த்தார்கள். இந்த மாதிரிக் கேள்விக்கு அந்த அறையில் யாரும் கை தூக்கியதாகச் சரித்திரம் இல்லை.

அவள் நிமிர்ந்து எழுந்தாள்.

"நான்தான் சார்," என்றாள். பிறகு, முகமெல்லாம் மலர, திரையைக் கைகாட்டினாள். "அவங்க எங்க அம்மா."