சிவப்பின் பரம்பரை

மீனை ஏமாற்றப் பிளாஸ்டிக் புழு வார்ப்பவர் சூசை. அன்றைக்கு அச்சில் முதலில் உருக்கிய சிவப்பை ஊற்றினார். அது முதுகு. மேலே பச்சையை ஊற்றினார். அது வயிறு. சூடு ஆறுவதற்குள் இரண்டும் ஒட்டிக்கொண்டால்தான் புழு கடலைப் பார்க்கும்.

பச்சைக்குக் கடலைப் பார்த்தே ஆக வேண்டும். “அண்ணே, கொஞ்சம் இளகிக் கொடுங்க” என்றது.

“தள்ளி நில்லு. எங்க பரம்பரையில யாரும் எங்க மேல பட்டதில்ல” என்றது சிவப்பு.

“எது, பரம்பரையா? காலையில ரெண்டு பேரும் ஒரே டப்பாவுல வெள்ளையாத்தானே கிடந்தோம்? சாயம் போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகலையே!”

“சாயம் போட்டதுல இருந்துதான் பரம்பரை.”

“ஆறிப்போறீங்க அண்ணே!”

“ஆறினாலும் மானம் பெருசு” என்று சிவப்பு விறைத்துக்கொண்டது.

சூசை புழுவை எடுத்து இழுத்துப் பார்த்தார். முதுகு தனியாக வந்தது, வயிறு தனியாக வந்தது. தலையில் அடித்துக்கொண்டு, இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போட்டு உருக்கினார். சிவப்பு ஓரமாக ஒதுங்கப் பார்த்தது. எந்த ஓரம் போனாலும் பச்சை இருந்தது. கடைசியில் மண் நிறத்தில் ஒரு புழு பிறந்தது. சூசை அதைத் தூண்டிலில் கோத்துக் கடலில் வீசினார்.

கொடுவா மீன் ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. “யாருப்பா நீ? புதுசா இருக்கே?”

பச்சை பதில் சொல்வதற்குள் சிவப்பு முந்திக்கொண்டது: “பாத்தா தெரியல? சுத்தச் சிவப்பு!”

பச்சைக்கு மானம் போயிற்று. மீனோ சிரிப்பு தாங்காமல் வாயைப் பிளந்தது. கரையில் சூசை தூண்டிலைச் சுண்டினார்.