தஞ்சாவூர் பார்த்த சாவித்திரி

பெரிய கோயிலின் நந்தி மண்டப நிழலில் வைரக்கண்ணு தளர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டார். மனைவி சாவித்திரி விடுவதாக இல்லை.

“எழுந்திரிங்க. அடுத்து அரண்மனை, அப்புறம் சரஸ்வதி மகால்.”

கூட வந்த நாத்தனார் தையல்நாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஆபரேஷனுக்கு நாளைக்கு ஆஸ்பத்திரியில சேரணும். சீக்காளி மனுஷனை இப்படி வெயில்ல இழுத்தடிக்கிறீங்களே அண்ணி, மனசாட்சி இருக்கா?”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து தஞ்சாவூரைக் காட்டுங்கன்னு கேட்டுக்கிட்டிருக்கேன். உரம் வாங்க வந்தாரு, கோர்ட்டுக்கு வந்தாரு. ஒரு தடவை என்னைக் கூட்டிட்டு வரல. இன்னிக்குப் பார்த்தே தீருவேன்.”

“ஆபரேஷன் முடிஞ்சு பார்த்துக்கக் கூடாதா?”

“கூடாது.”

“அண்ணனுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?”

சாவித்திரி நேருக்கு நேர் திரும்பி நின்றாள்.

“அவருக்கு ஒண்ணும் ஆகாது. ரத்த சொந்தமெல்லாம் பயந்து ஒதுங்கினப்ப, என் கிட்னியை எடுத்துக்குங்கன்னு சொன்னவ நான். நாளைக்கு இந்த உடம்பை டாக்டர்கிட்ட ஒப்படைக்கிறேன். இன்னிக்கு என் கால் போற இடமெல்லாம் போவேன்.”

தையல்நாயகி தலையைக் குனிந்துகொண்டாள்.

வைரக்கண்ணு தூணைப் பிடித்து மெல்ல எழுந்தார். “வா சாவித்திரி, அரண்மனையை மூடுறதுக்குள்ள போயிடலாம்” என்று முன்னால் நடந்தார்.