பால் காக்கும் தாயத்து

"மாமி, அந்த வெள்ளித் தாயத்தை எடுத்து என் கழுத்துல போட்டுவிடுங்க. எங்கம்மா வர்றாங்க," என்றாள், பிள்ளை பெற்றுப் பத்து நாளான ஜாஸியா.

மாமியார் ரஸ்மியாவுக்குச் சிரிப்பு வந்தது. "புதுப்பொண்ணு வீட்டுக்குள்ள வந்தா பெத்தவளுக்குப் பால் வத்திடும்னுதான்டி அதைப் போடுறது. உங்கம்மாவும் என்னை மாதிரி புருஷன் போனவதானே. அவ வர்றதுக்கு எதுக்குடி தாயத்து?"

"உள்ள வரலாமா சம்பந்தி?" என்று வாசலில் நஜ்லாவின் குரல் கேட்டது.

ரஸ்மியா கதவைத் திறந்தாள். சம்பந்தியின் உள்ளங்கைகளில் மருதாணி சிவந்திருந்தது. பின்னால் நரைத்த மீசைக்காரர் ஒருவர் குனாஃபா இனிப்புத் தட்டோடு நெளிந்துகொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமைதான் நிக்காஹ் முடிஞ்சுது," என்று தலையைக் குனிந்தாள் நஜ்லா.

"நான்தான் மாமி கட்டாயப்படுத்தினேன்," என்றாள் ஜாஸியா பயந்துகொண்டே.

ரஸ்மியா தாயத்தை எடுத்து வந்தாள். மருமகளின் கழுத்தில் கொக்கியை மாட்டிக்கொண்டே காதோரம் கேட்டாள்:

"அவருக்கு அண்ணன் யாராவது இருக்காராடி?"